மேலத்தாழை வெயில்

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணாச்சி, ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். நீங்கள் பஸ் ஏறும்போதே உங்கள் நகக்கண்ணில் கிரீஸ் இருப்பதைப் பார்த்தேன். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறீர்களா? லேத்தா? அப்படியென்றால் சரியான ஆள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். துருப்பிடித்து ஜாமாகிக் கிடக்கும் எஞ்சினை முற்றத்தில் வெயில் படும்படி வைத்தால், தானாக இளகுமா?

இளகாது என்கிறீர்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் என்னிடம் அளவு இருக்கிறது. தேதி போட்டு, நேரம் போட்டு, நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தூத்துக்குடியில் ஒரு வால்வு கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன் அண்ணாச்சி. அளக்காமல் எதையும் சொல்ல மாட்டேன். அதுதான் உனக்கு வியாதி என்பாள் அம்மா. திருச்செந்தூருக்கு இன்னும் நேரம் இருக்கிறதே, முதலிலிருந்து சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கள்.

என் பெயர் தனிஸ்லாஸ். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, தெருவிலேயே காலேஜ் முடித்த முதல் ஆள் நான்தான். பி.இ. மெக்கானிக்கல். அதனால் யார் வீட்டில் மிக்சி கெட்டாலும் என்னிடம் கொண்டுவந்து வைப்பார்கள். நான் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, இதைப் பிரித்தால் திரும்பப் பூட்ட முடியுமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? அதில் தெருவில் எனக்கு மரியாதை கொஞ்சம் குறைந்துவிட்டது. அது கிடக்கட்டும்.

செப்டம்பர் கடைசியில் மேலத்தாழைக்குப் பெண் பார்க்கப் போனோம். அம்மா, அத்தை, நான். பெண்ணின் அப்பா கஸ்பார். சொந்தமாக ஒரு வள்ளம் வைத்திருக்கிறார், கடலுக்குப் போகிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது தோள் இறங்கி, இப்போது கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. ஆண் பிள்ளை கிடையாது. ஒரே மகள், மெட்டில்டா.

அம்மாக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. மெட்டில்டா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கியவன் என்ன பேசுவது என்று தெரியாமல், டம்ளர் விளிம்பில் ஒரு கீறல் இருக்கிறது என்று சொன்னேன். அத்தை என் காலை மிதித்தாள். அந்தப் பெண் குனிந்து டம்ளரைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள் அண்ணாச்சி. பார்த்துவிட்டு, ஆமா, இருக்கு என்றாள். அவ்வளவுதான். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. எவ்வளவு என்று கேட்காதீர்கள். அதை மட்டும் அளக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் வெளியே முற்றத்தைப் பார்த்தேன். ஒரு மரச்சட்டத்தில் மாட்டி, சாக்கு போட்டு மூடிய பழைய அவுட்போர்டு எஞ்சின் ஒன்று நின்றது. வள்ளத்தின் பின்னால் மாட்டுவார்களே, அது. என்னைவிட இருபது வயது மூத்த எஞ்சின். கஸ்பார் ஐயா முதன்முதலில் சொந்தமாக மாட்டிய எஞ்சினாம். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் கடலில் விழுந்து, மூன்று நாள் உப்புத்தண்ணீரில் கிடந்து, வலையில் சிக்கி வந்திருக்கிறது. வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விட்டிருந்தால் பிழைத்திருக்கும். விழுந்த கோபத்தில் அவர் அதைத் தொடவேயில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டது. ஊரே இரும்புக் கடைக்குப் போடச் சொன்னது. அதையும் செய்யவில்லை. கோபக்காரர் மாதிரித் தெரியாது, ஆனால் பிடிவாதக்காரர்.

நான் எஞ்சினைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். தம்பி மெக்கானிக்கல்தானே, இது ஓடுமா என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் ஓடும் என்று சொல்லியிருப்பார்கள். நான், பார்த்துத்தான் ஐயா சொல்ல முடியும் என்றேன்.

“அப்ப பாத்துட்டே சொல்லுங்க தம்பி,” என்றார். “நாங்களும் பாத்துட்டே சொல்லுதோம்.”

திரும்பி வரும்போது தூத்துக்குடி வரைக்கும் அம்மா திட்டினாள். சம்பந்தம் பேசப் போன இடத்தில் சர்வீஸ் வேலையை இழுத்துக்கொண்டு வந்த மாப்பிள்ளையை அவள் பார்த்ததே இல்லையாம். அதோடு இன்னொரு செய்தியும் அத்தை விசாரித்து வந்தாள். கப்பலில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்கும் மெட்டில்டாவைக் கேட்டிருக்கிறார்கள். ஆறடி உயரமாம். சவேரியார் கோயில் கொடியேற்றத்துக்குள் பதில் சொல்வதாகக் கஸ்பார் ஐயா அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். கொடியேற்றம் நவம்பர் கடைசியில். எண்ணிப் பார்த்தேன், இடையில் எனக்கு எட்டு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

முதல் ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். இந்த பஸ்தான். எஞ்சினை நாலு பக்கமும் படம் எடுத்தேன். ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பவில்லை. உங்களுக்குத் தெரியாததா, அலுமினியத்தில் இரும்பு போல்ட்டைப் போட்டு உப்புத்தண்ணீர் பட்டால் உள்ளே வெள்ளையாகப் பூத்துக் கட்டிப்போகும். அவசரப்பட்டால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். ஸ்பார்க் பிளக் இரண்டையும் சுற்றி எண்ணெய் விட்டேன். அன்றைக்கு அவ்வளவுதான் வேலை.

மெட்டில்டா அடுக்களை வாசலில் நின்றாள். என்னை இன்ஜினியர் சார் என்றுதான் கூப்பிடுவாள். சார், லேசாத் தட்டிக் கொடுத்தா கழராதா என்று கேட்டாள். பாவம், ஆர்வம் இருக்கிறது, விஷயம் தெரியவில்லை. இருபது நிமிடம் விளக்கினேன். அவளுக்குப் புரிய வேண்டுமே என்று, சோற்றுப் பானை மூடி சூட்டில் இறுகிக்கொள்வதை உதாரணமாகச் சொன்னேன். கண் இமைக்காமல் கேட்டாள். ஓ, மூடி மாதிரியா சார் என்றாள். அவள் அப்பாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது.

இரண்டாவது ஞாயிறு போனபோது பிளக் இரண்டும் விரலாலேயே கழன்று வந்தன. எண்ணெய் வேலை செய்திருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். அந்த ஓட்டை வழியாக இரண்டு சிலிண்டருக்குள்ளும் டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றினேன். மேலே இருக்கும் ஃப்ளைவீல் சக்கரத்திலிருந்து கீழே உடம்பு வரைக்கும் சாக்பீஸால் ஒரே கோடாக இழுத்தேன். கோடு பிரிந்தால் சக்கரம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன்.

மூன்றாவது ஞாயிறு, கோடு இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது.

வெர்னியர் வைத்து மூன்று தடவை அளந்தேன். யாராவது தொட்டீர்களா என்று விசாரித்தேன். என் தோளுக்கு அது ஆகுமா தம்பி என்றார் கஸ்பார் ஐயா. மீன் காயப்போடத் தவிர அந்தப் பக்கமே போகவில்லை என்றார்கள் மெட்டில்டாவின் அம்மா. மெட்டில்டா, நீங்கதான் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே சார், நான் எதுக்குத் தொடுதேன் என்றாள். நியாயமான பதில். அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டரின் உள்சுவர் இரும்பு. வெயிலில் அலுமினியம் கூடுதலாக விரியும், சூடு ஆறும்போது கூடுதலாகச் சுருங்கும். தினமும் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, துரு உதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. பஸ்ஸிலேயே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். கோடு நகர்ந்ததில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அன்றைக்குத்தான் மெட்டில்டா, கடலுக்குப் போயிருக்கீங்களா சார் என்று கேட்டாள். கப்பல்காரனோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கிறாள் என்று புரிந்தது. என்ன செய்ய? காலேஜில் படிக்கும்போது ஒரு தடவை படகில் ஏற்றினார்கள், கரை மறையும் முன்பே வாந்தி எடுத்தேன், வாத்தியார் சட்டையில், என்று உள்ளதைச் சொன்னேன். அடுத்த வாரம் ஐந்து மில்லிமீட்டர். நல்ல வெயில் அடித்த வாரம் அது, நோட்டில் இருக்கிறது.

நாலாவது ஞாயிறு இன்னொன்றையும் கவனித்தேன். சோறு போடும்போது பார்த்தால் அவள் நகக்கண் எல்லாம் கறுப்பு. விறகடுப்பு. கரிச்சட்டி தேய்த்துத் தேய்த்து அப்படி ஆகிவிடுகிறது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் கம்பெனியில் கை கழுவ மணல் மாதிரி நறநறவென்று ஒரு சோப்பு கொடுப்பார்கள், எந்த எண்ணெய்க் கறையும் போய்விடும். அதில் ஒரு டப்பா வாங்கி, கலர் காகிதம் சுற்றி, அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் அவளுக்குக் கொடுத்த முதல் பொருள் அதுதான். அடுப்புக்கரி நகத்தில் தங்கக்கூடாது என்று சொல்லியே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். உள்ளே ரொம்ப நேரம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பரிசு கிடைத்தால் சிலர் அப்படித்தான்.

அந்த ஞாயிறு கோடு மூன்று மில்லிமீட்டர். சுமாரான வாரம். ஆனால் அதற்கு அடுத்த வாரம் இருக்கிறதே, அதில்தான் எனக்குச் சிக்கல். ஐந்து நாள் விடாத மழை அண்ணாச்சி. வெயில் என்ற பேச்சே இல்லை. அந்த வாரம் ஒன்பது மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் நோட்டில் ஈரப்பதம் என்று ஒரு புதுக் கட்டம் போட்டேன்.

நீங்கள் ஏன் இருமுகிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா?

ஆறாவது ஞாயிறு நல்ல மனசோடு ஒரு வார்த்தை சொன்னேன். சாப்பிட்டு முடித்து அவள் அம்மாவிடம், எல்லாம் கூடி வந்தால் மெட்டில்டா தூத்துக்குடியில் நிம்மதியாக வீட்டிலேயே இருக்கலாம், இந்தக் கடல், மீன், எண்ணெய் நாற்றம் எதுவும் கிடையாது என்றேன். அந்த அம்மா சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய் என் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கறிக்கு அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்னு அந்தப் பிள்ளைகிட்ட கேட்டியால என்றாள். கேட்கவில்லை. அது வரைக்கும் எனக்கு அது தோன்றவேயில்லை.

ஏழாவது ஞாயிறு போய் அளந்தால், கோடு பின்னால் போயிருக்கிறது.

பின்னால் அண்ணாச்சி. அதுவரை மொத்தம் பத்தொன்பது மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது, ஏழில் வந்து நிற்கிறது. விரிந்தது, சுருங்கியது, சரி. திரும்பிப் போவது எப்படி? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. அன்று மத்தியானம் மீன் குழம்பும் இல்லை, ரசம் மட்டும்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வரிசையாகச் சொல்லி வருவதால் அதையும் சொன்னேன்.

இன்னும் ஒரே ஒரு ஞாயிறுதான். சிலிண்டர் தலையைக் கழற்றி, பிஸ்டன் மேல் கட்டை வைத்து அடித்துப் பார்த்துவிடலாம் என்று ஸ்பேனரை மாட்டினேன். முதல் போல்ட்டிலேயே மளுக்கென்று ஒரு சத்தம். தலை முறிந்து கையில் வந்துவிட்டது. ஆறு வாரமாக எதற்குப் பயந்தேனோ அதை நானே செய்துவிட்டேன்.

முற்றத்தில் யாரும் இல்லை. முறிந்த தலையைக் கொஞ்சம் கிரீஸ் தடவி அதே இடத்தில் ஒட்டி வைத்தால் யாருக்கும் தெரியாது. வைத்தும் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அச்சாக உட்கார்ந்தது. பிறகு எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். கஸ்பார் ஐயா செபமாலை சொல்லி முடிக்கும் வரை நின்று, அதை அவர் முன்னால் வைத்தேன். ஐயா, உடைத்துவிட்டேன், அவசரப்பட்டேன் என்றேன். போன வாரம் நான் பேசியதும் அப்படித்தான், மெட்டில்டாவுக்கு என்ன வேணும்னு கேட்காமலே பேசிட்டேன், அது தப்பு என்றும் சொன்னேன்.

அவர் அந்தப் போல்ட் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கிளம்பும்போது மெட்டில்டாதான் வாசல் வரைக்கும் வந்தாள்.

“உங்க ஊர்ல போட் எஞ்சின் பாக்குற ஒர்க்‌ஷாப் இருக்கா சார்?”

துறைமுகத்துப் பக்கம் நாலைந்து இருக்கிறது என்றேன். அதில் பொம்பளைங்க யாரும் வேலை பார்க்கிறாங்களா என்று கேட்டாள். நான் பார்த்ததில்லை, ஆனால் பார்க்கக்கூடாது என்று சட்டம் எதுவும் கிடையாது, வேண்டுமென்றால் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். சும்மாதான் கேட்டேன் சார் என்றாள். எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அப்பா இப்போது கடலுக்குக் கொண்டுபோகும் எஞ்சினை இனிமேல் கடையில் விட வேண்டியிருக்கும், அதற்கு நல்ல இடம் தேடுகிறாள். அவருக்குத்தான் தோள் சரியில்லையே. இத்தனை நாள் அந்த வள்ளத்து எஞ்சினை யார் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எட்டாவது ஞாயிறு. சாயங்காலம் கொடியேற்றம். மூன்று மணிக்குக் கப்பல்காரப் பையனின் சித்தப்பா பதில் கேட்க வருகிறார். முடியவில்லை என்று எப்படிச் சொல்வது என்பதைப் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். முதலில் மன்னிப்பு, அப்புறம் காரணம், கடைசியில் நன்றி.

சாக்கை எடுத்தேன். கோடு இருந்த இடத்தில் இல்லை. தேடினால் அது பின்பக்கம் இருந்தது. சக்கரத்தின் மேல் கையை வைத்தேன். அழுத்தக்கூட இல்லை அண்ணாச்சி, சும்மா வைத்தேன். முழுச் சுற்று சுற்றி வந்தது. பிளக் ஓட்டையில் புஸ், புஸ் என்று காற்று வந்து என் சட்டையில் எண்ணெய் தெறித்தது. இரண்டு பிஸ்டனும் மேலே போய்க் கீழே வந்தன. பதினெட்டு வருடம்.

கஸ்பார் ஐயா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். அவள் அம்மா வந்து நின்றார்கள். எப்படித் தம்பி என்று ஐயா கேட்டார். நான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூன்று மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தை வாயில் வரவேயில்லை.

“ஐயா, இதுல நான் ஒண்ணும் செய்யல,” என்றேன். “எண்ணெய் ஊத்தினேன். ஒரு போல்ட்டை உடைச்சேன். மத்தது எல்லாம் வெயில் செஞ்சது. என் படிப்பாலதான் ஆச்சுன்னு நினைச்சு நீங்க ஒரு முடிவு எடுத்தா, அது தப்பாயிரும்.”

நோட்டையும் எடுத்துக் காட்டினேன். மழை வாரத்தையும், பின்னால் போன வாரத்தையும் மறைக்காமல் காட்டினேன். எனக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பின்னால் போன வாரத்தில் கொஞ்சம் நேரம் நின்றார். அப்புறம் நோட்டை மூடி என் கையில் கொடுத்துவிட்டு அடுக்களை வாசலைப் பார்த்தார். மெட்டில்டா அங்கே ஒரு பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி,” என்றார். “வெயில் என்னதான் சொல்லுது?”

அவள் கையிலிருந்த துணியை மடித்தாள். நாலாக மடித்தாள்.

“வெயிலுக்குச் சம்மதம்னுதான் படுது, அப்பா.”

“அப்ப கப்பல்காரங்களுக்கு நான் போன் போட்டுச் சொல்லிருதேன்,” என்றார் கஸ்பார் ஐயா. பிறகு என் பக்கம் திரும்பினார். “கையைக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க, மாப்ள.”

எட்டு வாரம் தம்பி, தம்பி என்றவர். எனக்குக் கை கழுவப் போகும் வழிகூடத் தெரியவில்லை, கிணற்றுக்குப் பதிலாகத் தெருவுக்குப் போய்விட்டேன்.

போன ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்புக்கு முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. தை பிறந்ததும் கல்யாணம். நான் உள்ளதை உள்ளபடி சொன்னதுதான் அவர்களுக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். அம்மா வேறு மாதிரி சொல்கிறாள். அந்த வெயிலை நல்லா வச்சுக் காப்பாத்துல என்கிறாள். அவளுக்குப் பௌதிகம் தெரியாது.

ஆனால் என் குறை அது இல்லை. இந்த முறையை எங்கள் கம்பெனியிலும் சொல்லி, ஜாமாகிப்போன ஒரு வால்வை மொட்டை மாடியில் ஐந்து வாரம் வைத்தேன். அதே வெயில், அதே எண்ணெய், அதே சாக்பீஸ் கோடு. முடி அளவுகூட நகரவில்லை. மேனேஜர் அடுத்த வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் கேட்கிறார். என் கணக்கு தப்போ என்று மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நேற்று மெட்டில்டாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெயில் முறை பொய்யாக இருந்தால் உங்க வீட்டில் நான் சொன்னதும் பொய்யாகிவிடுமே, அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றேன். வால்வு என்ன ரகம், எத்தனை வருடப் பழசு என்று மட்டும் கேட்டாள். அப்புறம், அந்த வால்வை எங்க முற்றத்துல ஒரு வாரம் வச்சுப் பாப்போம், கொண்டாங்க என்றாள். சார் என்று சொல்லவில்லை, கவனித்தேன்.

அதுதான் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, இந்தப் பையில். எட்டு கிலோ. கால் இடித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்படிச் சிரிக்கிறீர்களே, கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை நீங்கள். சரி, இது ஒன்றையாவது சொல்லுங்கள். போனை வைக்கும்போது, வரும்போது மறக்காம ஒரு முப்பத்திரண்டாம் நம்பர் ஸ்பேனரும் வாங்கிட்டு வாங்க என்றாள். வாங்கியிருக்கிறேன், பையில்தான் இருக்கிறது. வால்வில் மாட்டிப் பார்த்தேன், அச்சாகப் பொருந்துகிறது. நட்டின் அளவை நான் அவளிடம் சொல்லவேயில்லை.

வெயிலுக்கு எதற்கு அண்ணாச்சி ஸ்பேனர்?